எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்காட்டியிருந்தீர்கள், சரி. அந்த ஏழு பேர் குழுவில் சமூகவியலாளர் டி.கே. உம்மனும் இருந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த அறிக்கையின்படி 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 65.1 விழுக்காடு. இந்த இடைவெளி ஏன் வந்தது என்பதை எண்கள் சொல்லாது. அறிக்கை அடையாளம், பாதுகாப்பு, சமத்துவம் மூன்றையும் சேர்த்தே பேசியது. சமூகவியல் பார்வை இல்லாமல் அது கடினம் என்பது என் எண்ணம்.

பேரணாம்பட்டு அருகே நான் ஆசிரியையாக இருந்தபோது, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். உதவித்தொகை ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. “மேலே படிக்க இரண்டு பஸ் மாறணும் டீச்சர், திரும்பி வர இருட்டிடும்” என்றார் பீடி சுற்றிக்கொண்டிருந்த தாய். எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. உதவித்தொகைத் திட்டங்களை மறுஆய்வு செய்யும் குழுக்களில், வீடு வீடாகப் போய்க் கேட்கும் பழக்கமுள்ள சமூகவியலாளர் ஒருவரையாவது அரசு சேர்க்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, வேலூர்