சூரிய மின் பண்ணைகளுக்கு உங்கள் சபையின் ஆதரவைக் கேளுங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

இந்த மாதம் எங்கள் கடைக்கு வருவோரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுமாறு கேட்டு வருகிறோம். அது உங்கள் ஊரின் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ எழுதப்பட்ட வேண்டுகோள். சபை எல்லைக்குள் வணிக அடிப்படையில் சூரிய மின் பண்ணை (நிலத்தில் சோலார் பலகைகளைப் பரப்பி மின்சாரம் எடுக்கும் இடம்) அமைக்க முன்வருவோரின் விண்ணப்பங்களைச் சபை ஆதரிக்க வேண்டும், அவற்றுக்குக் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். கூரையில் சோலார் பூட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கடை, தனக்கு ஒரு சதமும் வருமானம் தராத பண்ணைகளுக்காக ஏன் பரிந்து பேசுகிறது என்று உங்களிற் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, கடையில் நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுதுகிறோம்.

இலங்கை அரசின் கூரைச் சோலார் திட்டமான ‘சூரிய பல சங்கிராமய’ 2016 செப்டெம்பரில் தொடங்கிய நாள் முதல், ‘உங்கள் கூரையே போதும்’ என்றுதான் நாங்கள் எல்லோரிடமும் சொல்லி வந்தோம். ஒரு கிலோவாட் பூட்டினால் மாதம் ஏறத்தாழ 100 முதல் 120 அலகு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அந்தக் கணக்கு இன்றும் சரியானதுதான். ஆனால் கூரை மட்டும் போதும் என்று சொன்னது பிழை என்பதை இப்போது உணர்ந்திருக்கிறோம்.

முதற் காரணம் இடம். கொழும்பு மாநகரம் ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றருக்குள் அடங்கியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக்கு மேல் மாடியாக எழுந்துள்ள குடியிருப்புகளில் நாற்பது குடும்பங்களுக்கு ஒரே மொட்டைமாடி, அதிலும் தண்ணீர்த் தாங்கியும் லிப்ட் அறையும் போக எஞ்சும் இடம் இரண்டு வீட்டுக்குக்கூடக் காணாது. வாடகைக்கு இருப்போருக்குச் சொந்தக் கூரையே இல்லை. இவர்களிடம் ‘மன்னிக்கவும், உங்கள் இடத்துக்குச் சோலார் சரிவராது’ என்று எத்தனையோ முறை சொல்லி அனுப்பியிருக்கிறோம். கூரை இல்லாதவருக்குச் சூரிய மின்சாரம் போய்ச் சேர வேண்டுமானால், அது வேறோர் இடத்தில் நிலத்தில் விளைந்து தேசிய மின்கட்டமைப்பின் வழியாகத்தான் வர வேண்டும். நிலத்தில் பூட்டும் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு நான்கு அல்லது ஐந்து ஏக்கர் தேவைப்படுவதால், அந்த இடம் கொழும்பாக இருக்கவும் முடியாது.

இரண்டாவது காரணம் சற்றுத் தொழில்நுட்பமானது. ஆயினும் எங்கள் மனத்தை மாற்றியது இதுவே என்பதால் விரித்துச் சொல்கிறோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். குரங்கைப் பற்றியே ஊரெல்லாம் பேசியது. ஆனால் அன்று விடுமுறை நாளாகையால் மின் தேவை குறைவாக இருந்தது. வெயிலோ நன்றாக இருந்தது. கூரைகளிலிருந்து பெரும் பங்கு மின்சாரம் வந்துகொண்டிருந்ததால், சுழலும் இயந்திரங்களைக் கொண்ட நிலையங்கள் குறைவாகவே இயங்கின. அந்தச் சுழற்சிதான் திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பலம். அது குறைந்திருந்த வேளையில் ஒரு சிறிய பழுது முழுக் கட்டமைப்பையும் விழுத்திவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சோலார் வைத்திருப்போர் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். கடன் எடுத்துப் பூட்டிய வாடிக்கையாளர்கள் அந்த நாட்களில் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்ன வேதனை இன்னும் காதில் இருக்கிறது.

பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கும் கட்டமைப்புக்கும் ஏற்றதாக மாற்றும் ஆயிரக்கணக்கான வீட்டு இன்வேட்டர்களை ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்கவோ கூட்டிக் குறைக்கவோ இன்று வழி இல்லை என்பதுதான் அந்த வேண்டுகோளின் பின்னணி. பண்ணையின் நிலை வேறு. அது ஒரே இடத்தில், ஒரே இணைப்பில் இருப்பதால் தேவைக்கேற்ப அதன் உற்பத்தியைக் குறைக்கலாம். பக்கத்திலேயே பெரிய மின்கலத் தொகுதியை வைத்து, நண்பகலில் மிஞ்சுவதைச் சேமித்து, நாட்டின் தேவை உச்சத்தில் இருக்கும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நேரத்தில் வெளியே விடலாம். பண்ணைகளும் சேமிப்பும் ஒழுங்காக வந்தால், உங்கள் கூரையை அணைக்கச் சொல்லும் நாட்களும் குறையும் என்று உறுதியாக நம்புகிறோம்.

மூன்றாவது காரணம் எரிபொருள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நினைவூட்டத் தேவையில்லை. டொலர் இல்லாமல் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாமல் மின்சாரம் இல்லை. 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையமும் கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியே இயங்குகிறது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை இறக்கவும் முடியாது. 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற நாட்டின் இலக்கு கூரைகளால் மட்டும் எட்டக்கூடியதல்ல.

இதில் பிரதேச சபைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அனுமதிகளிற் பெரும்பகுதி கொழும்பிலுள்ள அதிகார சபைகளின் கையிலும், அரச காணி பிரதேச செயலகத்தின் கையிலும் இருப்பது உண்மை. ஆனால் கட்டட அனுமதி, பார ஊர்திகள் போகும் உள்ளூர் வீதி, மழைநீர் வடிகால் ஆகியவை சபையைச் சேர்ந்தவை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சிறிய பண்ணைக்கு மற்றெல்லா ஆவணங்களையும் எடுத்த பின்னர், ஒரு சபையில் வீதி பற்றிய ஒரேயொரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார். எவரும் மறுக்கவில்லை, எவரும் பதிலும் சொல்லவில்லை. அதற்குள் வங்கியின் வட்டி விகிதம் மாறித் திட்டமே கைவிடப்பட்டது. நாங்கள் கேட்பது சலுகை அல்ல, காலத்தோடு ஒரு பதில்.

எந்தப் பண்ணைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லுங்கள் என்று சபைகளிடம் நாங்கள் கேட்கவில்லை. வயல் நிலத்திலும் குளத்து நீரேந்து பகுதியிலும் பலகை நடுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். அம்பாந்தோட்டையில் யானைகள் நடமாடும் காட்டைத் துப்புரவாக்குவது பற்றி எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, தங்கள் காணிகளுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். அதே சம்பூரில் அமைக்கத் திட்டமிட்ட நிலக்கரி மின் நிலையம் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதை நாங்கள் வரவேற்றாலும், காணி பற்றிய கேள்விக்கு ஊரவர் முன்னிலையில் விடை சொல்லாமல் எந்தத் திட்டமும் நகரக் கூடாது என்றே எண்ணுகிறோம். ஆகவே விண்ணப்பம் வந்தவுடன் ஊர்க்கூட்டம் வைத்தல், பலகைகளின் கீழ் ஆடு மேய்க்கவோ நிழற்பயிர் செய்யவோ இடமளித்தல், ஆயுள் முடிந்ததும் பலகைகளை அகற்றும் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதுதல் ஆகிய மூன்றையும் நிபந்தனையாகக் கடிதத்திலேயே சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வாடிக்கையாளர்களிற் பெரும்பாலோருக்கு வன்னியிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு துண்டுக் காணியாவது, உறவாவது இருக்கிறது. அங்குள்ள சபை உறுப்பினருக்குக் கொழும்புக் கடையொன்றின் கடிதத்தைவிட, அவ்வூர்ப் பிள்ளையாகிய உங்கள் கையெழுத்து பெரிது. கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் எங்கள் காசாளர் மேசையில் இருக்கிறது. ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் நீங்களே நிரப்பிக் கொடுத்தால், பதிவுத் தபாலில் அனுப்பும் செலவு எங்களுடையது. நிபந்தனைகளில் எதையேனும் கூட்டவோ திருத்தவோ விரும்பினால் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். உடன்பாடு இல்லாதவர்கள் காரணத்தை எங்களிடம் சொன்னால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறோம்.

இவ்வண்ணம்,
நிர்வாகத்தினரும் ஊழியர்களும்
முதலாம் குறுக்குத் தெரு, கொழும்பு 11