தரம் 6 பிள்ளைகளின் வீட்டாருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள அம்மா, அப்பாமாருக்கும், பேரப்பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்க்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும்,

வணக்கம்.

உங்கள் மகள் தரம் 6இற்கு வந்திருக்கிறாள். எங்கள் ஆரம்பப் பிரிவிலேயே படித்து வந்த பிள்ளைகளும், யாழ்ப்பாணத்தின் வலிகாமம், தென்மராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளில் உள்ள சிறிய பாடசாலைகளில் இருந்து புதிதாக வந்த பிள்ளைகளும் இப்போது ஒரே வாங்கில் இருக்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் யாருக்கு எத்தனை புள்ளி என்று இனி நாங்கள் கேட்கப்போவதில்லை. வகுப்புப் பிரித்தபோதும் அதைப் பார்க்கவில்லை. நீங்களும் அந்தக் கதையை வீட்டில் இத்துடன் விட்டுவிடுங்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவளும் இரண்டு புள்ளியால் தவறவிட்டவளும் இங்கே புதிதாகத்தான் தொடங்குகிறார்கள்.

ஐந்தாம் தரம் வரை பெரும்பாலும் ஒரே ரீச்சர். பிள்ளைக்கு இன்றைக்குக் காய்ச்சலா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கும். இப்போது பாடத்துக்கு ஒருவர். தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சமயம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், அழகியல் என்று நேரசூசி நீண்டுபோகிறது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், ஒரு ரீச்சர் போவார், இன்னொருவர் வருவார். முதல் கிழமையில் தரம் 6 வகுப்புகளின் பக்கம் போனால் இதைக் கண்ணால் காணலாம். மணி அடித்ததும் பாதிப் பேர் எழும்பி நிற்பார்கள், சிலர் புத்தகப்பையையும் தூக்கிவிடுவார்கள், யாரோ ஒருத்தி வரலாற்றுக் கொப்பியில் விஞ்ஞானம் எழுதிக்கொண்டிருப்பாள். இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். இரண்டு மூன்று கிழமையில் தானாகச் சரிவந்துவிடும். அதற்குள் "என்ர பிள்ளைக்கு ஒண்டும் விளங்குதில்லை" என்று பதறவேண்டாம்.

இந்த ஆண்டில் பிள்ளை பழகவேண்டியதில் முதலாவது, தன் வேலையைத் தானே பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் உங்களிடம் கேட்பதும் சின்னச் சின்ன விடயங்கள்தான்.

புத்தகப்பையை அவளே அடுக்கட்டும். இரவு நேரசூசியைப் பார்த்து, நாளைக்கு வேண்டியதை வைத்து, வேண்டாததை எடுத்துவிட வேண்டும். எதையும் மறந்துவிடக்கூடாது என்ற பயத்தில் எல்லாக் கொப்பியையும் அடைத்துக்கொண்டு, முதுகு வளைந்து வருகிற பிள்ளைகளைக் காண எனக்கு மனது கேட்பதில்லை. அவள் ஒருநாள் சித்திரக் கொப்பியை மறந்துவிட்டு வந்தால் வந்ததுதான். அதைக் கொடுப்பதற்காக மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு ஓடிவர வேண்டாம். ரீச்சரிடம் போய் "மறந்துபோனன்" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவேண்டும். எங்கள் ஆசிரியைகளும் அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளையை எல்லார் முன்னாலும் ஏசமாட்டார்கள். அது பற்றி ஆசிரியர் கூட்டத்தில் கதைத்து முடிவெடுத்திருக்கிறோம்.

அடுத்தது வட்ஸ்அப் குழு. கொரோனாக் காலத்தில் அது இல்லாமல் படிப்பே நடந்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் இப்போது என்ன நடக்கிறது? இரவு ஒன்பது மணிக்கு ஓர் அம்மா "இண்டைக்கு விஞ்ஞானத்தில என்ன எழுதினவை, கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்கோ" என்று கேட்கிறார். பத்து அம்மாமார் படம் போடுகிறார்கள். பிறகு அதைப் பார்த்து அம்மாவே கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை பக்கத்தில் நித்திரை. இந்த ஆண்டு தரம் 6 ஆசிரியைகள் யாரும் வீட்டுவேலையைத் தொலைபேசியில் அனுப்பமாட்டார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதப்படும், பிள்ளை அதைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாள். எழுதாமல் வந்தால் அடுத்தநாள் தோழியிடம் கேட்டு எழுதட்டும். சுகமில்லாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் வகுப்பாசிரியை குறிப்புகளை ஒழுங்குசெய்து தருவார்.

இனி ரியூசன் பற்றி. இதில் பலர் என்னோடு உடன்படமாட்டீர்கள் என்பது தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டின் முதற் பரீட்சையில் உங்கள் மகளின் புள்ளிகள் குறையக்கூடும். போன ஆண்டு எல்லாவற்றிலும் தொண்ணூறு எடுத்தவள் வரலாற்றில் 55 எடுத்துக்கொண்டு வருவாள். அதற்குக் காரணம் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் விடையைத் தெரிவு செய்வதும், ஒரு சொல்லிலோ ஒரு வரியிலோ எழுதுவதும்தான் பெரும்பகுதி. இங்கே "ஏன்", "எவ்வாறு" என்று கேட்டால் நான்கைந்து வசனம் தொடர்ச்சியாக எழுதவேண்டும். விடை தெரிந்த பிள்ளைக்கும் அதைக் கோவையாக எழுத நாள் எடுக்கும். இதற்குப் பயந்து கணிதத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று பின்னேரம் முழுவதையும் நிரப்பினால், அவள் ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் கேட்பாள், எழுதிப் பார்க்க ஓரிடத்திலும் நேரம் இராது.

தரம் 6 கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் வட்டங்கள். காசு, காப்பு, போத்தல் மூடி என்று கையில் அகப்பட்டதை வைத்துச் சுற்றிக் கீறிப் பார்ப்பதில் அது தொடங்குகிறது. பிறகு வகுப்பில் கவராயத்தாலும் வட்டம் கீறிப் பார்க்கிறார்கள். போன தடவை இந்தப் பாடம் நடக்கும்போது ஒரு வகுப்பின் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளைக்குக் கவராயத்தின் முனை வழுக்கி வழுக்கி, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முட்டவேயில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. பக்கத்துப் பிள்ளை "தாளைச் சுத்து, கையைச் சுத்தாதை" என்றாள். அடுத்த தடவை முட்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்தால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். இதற்கு ரியூட்டரி வேண்டாம். நல்ல கவராயம் ஒன்றும், அவசரமில்லாத ஒரு பின்னேரமும் போதும்.

சில பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தில் உண்மையாகவே மேலதிக உதவி தேவைப்படும், குறிப்பாக ஆங்கிலத்தில். அப்படியானால் முதலில் பாட ஆசிரியையிடம் வந்து கதையுங்கள். பாடசாலை முடிந்த பின் எங்களால் எதைச் செய்ய முடியும் என்று பார்ப்போம். வெளியில் அனுப்புவதென்றாலும் ஒரு பாடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். மிச்ச நேரத்தில் வலைப்பந்து விளையாடட்டும், சங்கீதம் படிக்கட்டும், சும்மாவும் இருக்கட்டும். இரவில் ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை கொள்ளட்டும்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். உங்களில் சில அம்மாமார் ஆறாம் ஆண்டு படித்தது 1995இல். ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன ஆண்டு. கொப்பியும் இல்லாமல், எந்தப் பாடசாலை என்றும் தெரியாமல், மர நிழலிலும் பின்னேர வகுப்புகளிலும் படித்தவர்கள் நீங்கள். எனக்குக் கிடைக்காத எல்லாம் என் மகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அன்று உங்களுக்குப் பறிபோனது பாடங்கள் மட்டும் அல்லவே. பயமில்லாமல் விளையாடுகிற பின்னேரமும் பறிபோனது. உங்கள் மகளுக்கு அதையும் கொடுங்கள்.

இனி எழுதப்போவதை அம்மாமார் மட்டுமல்லாமல் அப்பாமாரும் வாசிக்கவேண்டும். தரம் 6, 7 காலத்தில்தான் பல பிள்ளைகள் பெரிய பிள்ளையாகிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று யாரும் முன்னரே சொல்லிவைக்காத பிள்ளை, பாடசாலையில் இரத்தத்தைக் கண்டதும் தனக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று மலசலகூடத்துக்குள் நின்று அழுகிறாள். ஆண்டுதோறும் இப்படி யாரோ ஒருத்தியாவது அழுகிறாள். தயவுசெய்து இந்த மாதமே சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் சித்தியோ மாமியோ சொல்லட்டும், அல்லது எங்கள் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையிடம் கேளுங்கள், அவர் சொல்வார். ஓய்வறை அலுமாரியில் நாப்கினும் மாற்றுச் சீருடையும் எப்போதும் இருக்கும். எந்த ஆசிரியையிடமும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

சாமத்தியச் சடங்கு வைப்பதும் விடுவதும் குடும்பத்தின் விருப்பம். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துப் பிள்ளையைத் தேற்றுவதையும், மாமி வந்து தண்ணீர் வார்ப்பதையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் நாள் பார்க்கிறோம், கனடாவில் இருந்து மாமா வரவேணும் என்று பிள்ளையைக் கிழமைக்கணக்காக வீட்டுக்குள் இருத்தாதீர்கள். விழாவை ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம், படிப்பைத் தள்ளிவைக்க முடியாது. இது வருத்தம் இல்லை, நாலைந்து நாளில் அவள் வகுப்புக்கு வரலாம். வந்தபிறகு ஓடவும் சைக்கிள் ஓடவும் விடுங்கள். உடுவிலில் 1824இல் பெண் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கிய ஊர் இது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி கட்டினார். பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்திய காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு, மூன்று கிழமை வரவின்மை சின்ன விடயமாகத் தெரியக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையின் படத்தைப் பெரிய பதாகையாக அடித்து வீதியில் கட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு சொல் கேளுங்கள். அடுத்த கிழமை அவள் அந்த வீதியால்தான் பாடசாலைக்கு வரவேண்டும்.

தண்ணீர்ப் போத்தலையும் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது பின்னேரம் நிரம்பினபடியே திரும்பி வந்தால், மலசலகூடத்துக்குப் போகப் பஞ்சிப்பட்டு அவள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்று அர்த்தம். சித்திரை வெயிலில் இது ஆபத்து. மலசலகூடங்கள் இடைவேளைக்கு முன்னும் பின்னும் கழுவப்படுகின்றன, மூடியுள்ள குப்பைத்தொட்டிகளும் வைத்திருக்கிறோம். பாடம் நடக்கும்போதும் கேட்டுவிட்டுப் போகலாம். அசுத்தமாக இருந்தால் நேரடியாக என்னிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலையில் சண்டைகள் சத்தமில்லாமல் நடக்கும். நேற்று வரை கைகோத்துத் திரிந்த மூன்று பேரில் இரண்டு பேர் இன்றைக்கு மற்றவளோடு கதைக்கமாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் அவள் வீட்டுக்கு வந்து அழுவாள். அன்றிரவே மற்றப் பிள்ளையின் அம்மாவுக்கு அழைப்பு எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளைகள் இரண்டு நாளில் ராசியாகிவிடுவார்கள், அம்மாமார் ஆண்டு முடியும்வரை முகம் பார்க்கமாட்டீர்கள். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள், அதுவே அவளுக்குப் பாதி ஆறுதல். ஒரு கிழமைக்கு மேல் இழுத்தால் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். ஆனால் சாதி, நிறம், வீட்டு வசதி, அப்பாவின் தொழில் இவற்றை வைத்து ஒரு பிள்ளையை ஒதுக்கியதாகவோ பட்டம் சொன்னதாகவோ தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். அதைச் சின்னப் பிள்ளைச் சண்டை என்று நாங்கள் எடுக்கமாட்டோம். அப்படிப்பட்ட சொற்கள் பிள்ளைக்குத் தானாக வருவதில்லை, வீட்டில் கேட்டுத்தான் வருகின்றன. ஆகவே யார் வீட்டில் என்றாலும் பெரியவர்களைத்தான் முதலில் அழைப்பேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இந்த ஆண்டு போடப்படும். 2017இல் இருந்து தரம் 6 மாணவிகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது. இந்த வயதில் போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இன்னும் நன்றாக உண்டாகும். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று உலாவும் கதையில் உண்மை இல்லை. சுகாதாரப் பணிமனையில் இருந்து திகதி கிடைத்ததும் சம்மதப் படிவம் வரும், வாசித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் அன்று வரும் வைத்தியரிடமே கேட்கலாம்.

சைக்கிளில் வருபவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராக வரவேண்டும். பஸ்ஸில் வருபவர்களுக்கான சீசன் ரிக்கற் படிவம் காரியாலயத்தில் உண்டு. காலையில் வாசலோடு விடைகொடுங்கள், வகுப்பு வரை பை தூக்கி வரவேண்டாம்.

முதலாம் தவணையின் மூன்றாம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தரம் 6 பெற்றோர் கூட்டம் மண்டபத்தில் நடைபெறும். எல்லாப் பாட ஆசிரியைகளும் இருப்பார்கள். வேலையால் நேரே வரும் அப்பாமார் உடுப்பைப் பற்றி யோசிக்காமல் வாருங்கள். பெற்றோர் வெளிநாட்டில் என்றால் பிள்ளையோடு வீட்டில் இருப்பவரே வரவேண்டும், அவருக்குத்தான் பிள்ளையின் நாளாந்தம் தெரியும். அன்று வர முடியாதவர்கள் செவ்வாய், வியாழன் காலை 10 மணிக்குப் பிறகு என்னைச் சந்திக்கலாம்.

அன்புடன்,
அதிபர்