சித்திரையில் எத்தனை செவ்வாய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஜாஸ் பாடப் போனவர்களைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஆல்பர்ட்டா ஹண்டரையும் சேர்த்திருக்கலாம். பேர் பெற்ற பாடகி, நடுவில் இருபது வருஷம் நியூயார்க்கில் நர்ஸாக வேலை பார்த்தார். 1977இல் மறுபடி பாட வந்தபோது வயது 82. வயதைக் குறைத்துச் சொல்லியிருந்ததால், எழுபதுதான் என்று நினைத்து ஆஸ்பத்திரி ஓய்வு கொடுத்தது. சம்பளம் நிற்கும்வரை அந்தம்மா வேலையை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கம் வில்லுப்பாட்டுக்கு முழுநேரமாக வர நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். குரலும் கதையும் இருந்தால் போதாது, நாள்கணக்கு தெரிய வேண்டும். கொடை என்கிற கோயில் திருவிழா பெரும்பாலும் அம்மன் கோயிலில் செவ்வாய், சுடலைமாடன் கோயிலில் வெள்ளி. சித்திரை முழுக்க அச்சாரம் வாங்கினாலும் எட்டுக் கொடை, மிஞ்சினால் ஒன்பது. முந்தின ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்புக்கும் பாடச் சொன்னால் கொஞ்சம் கூடும். ஆவணி தாண்டினால் கை காய்ந்துவிடும். பேசிய தொகையும் தலைமைப் பாடகரான அண்ணாவி ஒருவருக்கு இல்லை. வேன் வாடகை போக மிச்சம் குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு என்று ஆறேழாகப் பிரியும்.

அடுத்தது கதையின் நேரம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் மேடையிலும் வளர்த்த வில்லிசையைக் கேட்டு ஆசைப்பட்டு வருபவர்கள் இடறும் இடம் இது. மேடையில் நிகழ்ச்சியை முடிப்பவர் பாடகர். கொடையில் முடிப்பது சாமி. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று தொடக்கப் பகுதிகளை வரிசையாகப் பாடி வந்து கதைக்குள் நுழைகிறோம். நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடையின் தீபாராதனை பன்னிரண்டுக்கு என்பார்கள். பதினொன்றேகாலுக்கும் வரும், ஒன்றரைக்கும் போகும். திரை விலகும்போது பாட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டில் இருந்தால்தான் சாமியாடிக்கு அருள் வரும். நாட்டு வளத்தில் பத்து வரியை முப்பதாக்கலாம், சண்டையை வசனத்தில் சுருக்கலாம், சுடலையின் பிறப்பில் மட்டும் கை வைக்கக்கூடாது. ஜாஸ் பாடகர்கள் சொல்லே இல்லாமல் இழுத்து நேரம் வாங்குவார்கள். நமக்கு அதற்குப் பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’ இருக்கிறது.

குடம் வாங்கும்போது கழுத்தைப் பிடித்துத் தூக்கி, விரல் கணுவால் வயிற்றில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கிளம்பி முடிவில் கரகரத்தால் மயிரிழைக் கீறல் இருக்கிறது. குடத்தின் வாயில் அடிக்கும் மட்டை விழ விழ அந்தக் கீறல் ஓடிவிடும். வைக்கோல் புரிமணை இல்லாமல் தரையில் வைத்தால் நாதம் செத்துவிடும், அடியும் விடும். வேனில் இன்னொரு குடம் கட்டாயம். பனி இறங்கியதும் வில்லின் தோல் நாண் தொய்ந்து, நாணை அடிக்கும் வீசுகோல் பட்டால் வில்லில் கட்டிய மணி பிந்திப் பேசும். தீபாராதனை இடைவெளியில் அவிழ்த்து இழுத்துக் கட்டிவிட வேண்டும். உடுக்கைத் தோலுக்குக் கணப்புச் சூடு காட்டினால் போதும், தீ வேண்டாம்.

தொண்டை கெடுவது பாட்டால் இல்லை, மைக் செட்டால். குழாய் ஸ்பீக்கர் எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கும். தன் குரல் தனக்குக் கேட்காமல் பாடகர் கத்துவார். குழுவைப் பார்த்து ஒரு சின்னப் பாக்ஸ் வைக்கச் சொல்லி அச்சாரம் வாங்கும்போதே பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் வராது. பயிற்சியில் பாடும் சுருதியிலிருந்து அரைக் கட்டை இறக்கித் தொடங்குங்கள், விடியும்வரை நிற்கும். தொண்டைக் கம்மல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பாமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

செவ்வாய், வெள்ளி லீவு கிடைக்கிற வேலை என்றால் அதை இப்போதைக்கு விட வேண்டியதே இல்லை. இரண்டு சித்திரை பின்பாட்டில் உட்காருங்கள். அப்படியும் விட்டுத்தான் வருவோம் என்பவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளட்டும். பெயர் அச்சான கொடை நோட்டீஸ்களைத் தேதி தெரியும்படி இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் அப்போது உதவும்.

இப்படிக்கு,
வில்லுப்பாட்டுக் குழுவினர் சிலர்,
வள்ளியூர் வட்டாரம்.