மாறுகண் அதிர்ஷ்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘மாறுகண் அதிர்ஷ்டம், அதுல கை வைக்காதீங்க’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, மகளின் கண்ணை ஐந்து வயதுவரை அப்படியே விட்டுவிட்டோம். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. விலகி நிற்கும் கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிவிடும். ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். சோம்பேறி கண்ணா, நாங்களா?

கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடினோம். முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். அப்புறம் பட்டையில் பூனை வரைந்து கொடுத்ததும் சரி என்று இருந்துகொண்டாள். ஏழெட்டு வயதைத் தாண்டினால் இதன் பலன் குறைந்துகொண்டே போகுமாம்.

பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று, நான்கு மாதம் கண் அவ்வப்போது விலகுவது சகஜம். அதற்குப் பிறகும் விலகினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரியவர்களுக்குத் திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், சர்க்கரை நோயோ பக்கவாதமோகூட காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில், கண்ணில் டார்ச் அடித்து ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாமே?

- ஒரு வாசகி, தேனி