எண்ணுவதை நிறுத்தச் சொன்னவன் எழுதும் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை என் வீட்டுக்கு அழைத்துவந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அழைத்துவந்த விதத்தையும் அன்று வாசலில் நின்று நான் பேசியவற்றையும் மறுபடி எழுதப் போவதில்லை; அவை உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கப் போகும் உறவினர்களில் பாதிப் பேருக்கும் அவரவர் விருப்பப்படி தெரியும். உங்களைக் குறைசொன்னது பலர் முன்னிலையில் என்பதால், இதையும் பலர் பார்க்கும் இடத்திலேயே எழுதுகிறேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஒரே ஒரு காலை. உங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் வந்திருந்தேன். அம்மா விழாமலிருக்க நீங்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அம்மா நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நிற்க வேண்டும் என்பது உங்கள் கட்டளை. மூன்று முறை எழுந்துவிட்டார். நான்காம் முறை பாதி எழுந்த நிலையில் தொடைகள் நடுங்கின, மேலுதட்டில் வியர்வை அரும்பியது, "போதும்டி" என்றார். "இன்னும் ஒன்றுதான்" என்றீர்கள். பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரல்களோடு ஒட்டிவைத்து, பத்து எண்ணி முடிக்கும்வரை நிற்கச் சொன்னீர்கள். ஏழில் ஆடிப்போனார். நீங்கள் அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. எண்பதைக் கடந்தவரை இப்படியா வதைப்பது என்று கத்தினேன்.

வாசலில் நின்ற எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிந்தது. அவருடைய இடுப்புக்குப் பின்னால், தொட்டும் தொடாமலும், உங்கள் இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து காத்திருந்தது தெரியவில்லை. அதை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அம்மாதான் சொன்னார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ எங்கே கேட்டாய்?" என்றார்.

நான் அவரை அன்போடுதான் பார்த்துக்கொண்டேன் என்பதை மட்டும் யாரும் மறுக்க வேண்டாம். தண்ணீர் கேட்டால் இருந்த இடத்துக்கே வந்தது. எழுந்திருக்க இரண்டு கைகள் நீண்டன. மாலையில் அரை மணி நேரம் கைகோத்து நடக்க அழைத்துச் சென்றேன். அதுவே போதுமான உடற்பயிற்சி என்று நம்பினேன். நடைப்பயிற்சி மட்டுமே விழுவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதைப் பிற்பாடு படித்தபோதுதான், பிறர் கையைப் பிடித்து நடப்பவரின் உடலுக்குத் தன்னை நிறுத்திக்கொள்ளும் வேலையே இல்லாமல் போகிறது என்பதும், தடுமாறும் எல்லை வரை கொண்டுபோய் அங்கிருந்து தானாக மீளவைப்பதுதான் நீங்கள் செய்துகொண்டிருந்தது என்பதும் உறைத்தது. நான் கொடுத்த ஒவ்வொரு கையும் அவருடைய தொடையிலிருந்து கொஞ்சம் வலுவை எடுத்துக்கொண்டிருந்தது.

ஏழாம் மாதம், ஓர் இரவு, கட்டிலிலிருந்து இறங்கி இரண்டடி வைப்பதற்குள் விழுந்தார். தரை ஈரமாக இல்லை, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எழும்போது பிடித்துக்கொள்ள யாருடைய கையும் இல்லை, அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். என் மனைவியின் மேல் பழி போடக் காத்திருப்பவர்களுக்குத் தீனி போடும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் அக்கா, நீங்களும் ஒன்றைச் செய்யத் தவறினீர்கள். நான் பயந்து கேட்டபோது, பயந்தவனுக்குச் சொல்வதுபோல் சொல்லவில்லை. ஒரு கட்டுத் தாளை நீட்டினீர்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம், 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் சோதித்து 1997இல் முடிவு வெளியிட்டார்கள், கணுக்காலில் எடைப்பை கட்டி வாரத்துக்கு மூன்று நாள், தலா அரை மணி நேரம் என்று தேர்வுத்தாள் திருத்துபவரைப்போல அடுக்கினீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2019இல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட அறிக்கையின்படி உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது, சமநிலைப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தால் 34 சதவீதம் வரை குறையலாம் என்றீர்கள். எல்லாம் சரிதான். நூறில் 23 என்பது என் காதில், மீதி 77 முறை விழுவார் என்றுதான் விழுந்தது. உங்களுக்கும் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியை ஓரமாக நகர்த்தியிருக்க மாட்டேன். மருத்துவமனைக்கும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோனீர்கள். அதை நான் மறக்கவில்லை.

போன வாரம் இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுதல், குதிகால் உயர்த்தல், பக்கவாட்டில் நடத்தல்; பிறகு, தேறியபின், எட்டு வடிவில் நடத்தல். பாதியில் விட்டால் கிடைத்த பலனும் தேய்ந்துவிடும் என்று அழுத்திச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று நாட்களாக முயன்றுவிட்டேன். வாக்கரைச் சுவரோரம் வைத்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்தபடி அம்மா நிற்கிறார். பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். முதல் விரல் எழும்போதே நான் அவர் முழங்கையைப் பற்றிவிடுகிறேன். இரண்டு எண்ணியதற்குமேல் நான் போனதே இல்லை. "நீ வேண்டாம், அவளைக் கூப்பிடு" என்று நேற்று சொல்லிவிட்டார். மன்னிப்பு என்று நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள் என எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொடாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்க எனக்கு வரவில்லை, உங்களுக்கு வரும்.

திங்கட்கிழமை காலை வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன், தவிர்க்க வேண்டாம். அந்த ஒரு கிலோ எடைப்பைகளையும் எடுத்துவாருங்கள். இப்போதைக்கு எடை கட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என்றாலும் அவை பத்திரமாக இருக்கின்றனவா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

உங்கள் தம்பி