தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு: நான் ஏன் கடையில் பில் போடுகிறேன்

செயற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான் மளிகைக் கடையில் பில் போடுவது சம்பளத்துக்காக இல்லை, ஹெல்த் இன்ஷூரன்ஸுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பொங்கல் விழாவில் உங்களில் சிலர் என்னிடம் ரொம்பத் தாழ்ந்த குரலில், துக்கம் விசாரிப்பது மாதிரி, "என்னக்கா, வீட்ல எதுவும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டீர்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. என் கணவருக்கு 65 முடிந்தது, அந்த வயதுக்காரர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மெடிகேர் இன்ஷூரன்ஸ் வந்தது, ஐ.டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எனக்கு இன்னும் 65 ஆகவில்லை, அவ்வளவுதான் கதை.

மெடிகேர் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. முப்பது வருடமாக இங்கே இருக்கிறவர்களுக்கே இது கடைசி நேரத்தில்தான் உறைக்கிறது. கம்பெனி இன்ஷூரன்ஸில் மனைவி, 26 வயது வரை பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே அட்டையில் இருந்து பழகிவிட்டோம். அவர் வேலையை விட்டதும் அவருக்கு மெடிகேர், எனக்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் கணவன் மனைவிக்கு ஐந்தாறு வயது வித்தியாசம் சாதாரணம் என்பதால் இந்தப் பள்ளம் நம்மவர்களுக்கு வரிசையாகக் காத்திருக்கிறது. கோப்ராவில், அதாவது வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனி இன்ஷூரன்ஸையே தொடர விடும் ஏற்பாட்டில், கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் அதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நாமே கட்டி, அதற்கு மேல் 2 சதவீதமும் தர வேண்டும். தனி ஆட்கள் இன்ஷூரன்ஸ் வாங்குவதற்கென்று அரசு நடத்தும் சந்தையில் தனியாக வாங்கலாம், பழைய நோயைக் காட்டி 2014-க்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது, சரி. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைப் போல மூன்று மடங்கு வரை வாங்கச் சட்டமே இடம் தருகிறது. எனக்கு வந்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் மகளின் உதவியோடு கடைக்கு விண்ணப்பம் போட்டேன்.

இதில் எந்தக் கடை என்பதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒபாமா காலத்துச் சட்டப்படி, முழுநேர ஊழியர் கணக்கில் 50 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிற நிறுவனம், வாரம் சராசரி 30 மணி நேரம் வேலை செய்கிறவருக்கு இன்ஷூரன்ஸ் தர முன்வர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் கட்ட நேரலாம். அதனாலேயே பல இடங்களில் 29 மணி நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள். 30-க்குக் கீழே தருவது அவர்கள் விருப்பம். ஸ்டார்பக்ஸ் 1988 முதல் பகுதிநேர ஊழியருக்கும் தருகிறது, வாரம் சராசரி 20 மணி நேரம் இருந்தால் போதும். காஸ்ட்கோவிலும் பகுதிநேரக்காரர்களுக்கு உண்டு. யூ.பி.எஸ். பார்சல் கம்பெனியின் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தத்தால் கிடைக்கிறது, ஆனால் சேர்ந்து சில மாதம் பொறுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் மணிக்கு இரண்டு டாலர் கூடத் தருகிறார்கள் என்று அங்கே போய், இன்ஷூரன்ஸ் கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களும் வெளியே சொல்வதில்லை, வெட்கம்.

சேர்ந்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பண்டிகைக் காலம் முடிந்து ஜனவரி வந்தால் கடையில் கூட்டம் குறையும், ஷிஃப்ட்டும் குறையும். என் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அட்டவணை போடுவது மேலே இருக்கிற ஏதோ ஒரு கணினி. சராசரி மணி நேரம் வரம்புக்குக் கீழே இறங்கினால் அட்டை போய்விடும் என்பதால், வாராவாரம் அட்டவணை வந்ததும் முதல் வேலையாக மணி நேரத்தைத்தான் கூட்டிப் பார்ப்பேன். எனக்குக் கைகொடுப்பது கூட வேலை செய்யும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் அப்பா அம்மாவின் இன்ஷூரன்ஸில் இருப்பதால் மணி நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை, பரீட்சை வந்தால் ஷிஃப்ட்டை என்னிடம் தள்ளிவிடுவார்கள், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். பிரீமியமும் வரியும் பிடித்தபின் சில வாரம் கையில் வருவது கறிவேப்பிலைச் செலவுக்குக் காணும். பரவாயில்லை, எனக்கு வேண்டியது சர்க்கரை மாத்திரையும் கண் டாக்டரும்.

இன்ஷூரன்ஸ் ஏன்தான் வேலையோடு ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், இரண்டாம் உலகப் போரில் 1942-ல் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஆள் பிடிக்க நிறுவனங்கள் இதைச் சலுகையாகக் கொடுத்தன, 1954 வரிச் சட்டம் அதற்கு வரி இல்லை என்று உறுதி செய்தது, அப்படியே நின்றுவிட்டது. அதை மாற்றுவது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் இல்லை. உங்களால் முடிந்தது வேறு.

ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து பேச்சாளரை அழைக்கிறீர்கள், அழையுங்கள், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறேன். அதே மண்டபத்தில் ஒரு பிற்பகல் இதற்கு ஒதுக்குங்கள். ஸ்பான்சர் பேனர் வைத்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டை மட்டும் மேடையேற்ற வேண்டாம், அவர் விற்கத்தான் வருவார். இன்ஷூரன்ஸ் சந்தைக்கு உதவி செய்ய 'நேவிகேட்டர்' என்று இலவச ஆட்கள் இருக்கிறார்கள், மெடிகேருக்கு 'ஷிப்' என்று மாநிலந்தோறும் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது, இருவரையும் கூப்பிடுங்கள். நிறுவனம் தரும் இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகும் விலையில் இருந்தால், அதை வேண்டாமென்று சொன்னாலும் சந்தையில் மானியம் கிடைக்காது என்பதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டால்தான் நம்மவர்கள் நம்புவார்கள். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாத பெண்களுக்கு இந்தக் கடை வழியே கிடையாது என்பதையும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை இந்த அட்டையில் பொதுவாகச் சேர்க்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், பாதிக் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம், யாராவது கடையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டால் குரலைத் தாழ்த்த வேண்டாம். எந்தக் கடை, எத்தனை மணி நேரம், எத்தனை மாதத்தில் அட்டை வந்தது என்று சத்தமாகவே கேளுங்கள், பக்கத்தில் நிற்கிறவர் காதிலும் விழட்டும். கூட்டத்தை நவம்பர் 1-ம் தேதிக்கு முன்னால் வையுங்கள், அன்றுதான் சந்தையில் பதிவு தொடங்கும். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய உறுப்பினர் ஒருத்தி
நியூ ஜெர்சி