செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் பதினோரு பேருக்கும், வராத மற்றவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விழா நடந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் பாதியிலேயே தீர்ந்ததைப் பற்றிப் போன கூட்டத்தில் பேசியாகிவிட்டது.

அப்புறம், கண்ணாடி. செயலாளர் பழைய ஆயாக்கொட்டகையை (தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட இடம்) பூட்டிக்கொண்டு வருஷம் முழுக்க ஒரு கண்ணாடியைத் தேய்க்கிறார் என்று கோயில் வாசலில் பேச்சு. பேசியவர்கள் ஒரு நாள் உள்ளே வந்து பார்த்திருக்கலாம்.

தொலைநோக்கிக்கான 6 அங்குலக் கண்ணாடி அது. இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே கார்போரண்டம் என்ற கடினமான உரசு தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது மேடாகும். 80ஆம் நம்பர் தூளில் தொடங்கி வர வர நைசான தூளுக்குப் போக வேண்டும். குழியின் ஆழம் 1.2 மில்லிமீட்டர்தான், ரப்பர் பால்மரத்தில் ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டையின் கனம். இதற்கா இத்தனை மாதம் என்றார்கள். குழிக்கு இல்லை, மெருகுக்கு. தலைமுடியின் கனத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, அதற்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது. மெருகேற்றும் கீல், அதாவது தார் போன்ற பிசின், நம் ஊர் வெயிலில் இளகிவிடுகிறது. அதனால் பால்மரம் வெட்டப் போகும் நேரத்தில், விடியுமுன், வேலை.

சோதனைக்கு ஒரு சவர பிளேடும் சிறு துளை போட்ட விளக்கும் போதும். 1858இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறை. எட்டடி தள்ளி நின்று பிளேடின் ஓரமாகப் பார்த்தால் கண்ணாடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். கட்டைவிரலை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்து எடுங்கள். அந்த இடம் சூட்டில் புடைத்து நிற்பது தெரியும், ஆறியதும் அமுங்கிவிடும். இதைப் பார்த்தவர் நம் சங்கத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் என் பேரன்.

ஜூலையில் துப்புரவுப் பணிக்கு முதல் நாள் யாரோ நல்ல எண்ணத்தில் கொட்டகையைக் கூட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. பறந்த முரட்டுத் தூளில் ஒரே ஒரு மணி கீலில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் கண்ணாடியில் ஓரத்துக்கு ஓரம் கீறல். திரும்பவும் 220ஆம் நம்பர் தூளிலிருந்து.

இதைத் தோல்வி என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலோமர் மலைத் தொலைநோக்கியின் 200 அங்குலக் கண்ணாடியை 1934 மார்ச்சில் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில் வார்த்தபோது, அச்சுக்குள் இருந்த நெருப்புச்செங்கல் கட்டைகள் பிடுங்கிக்கொண்டு கண்ணாடிக் குழம்பில் மிதந்தன. டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். ஆற மட்டும் சுமார் பத்து மாதம். நடுவில் போரும் வந்து, தேய்த்து முடிக்க 1947 ஆனது. இன்றைக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில், கால்பந்து அரங்கத்துக்கு அடியில், உலையையே சுழற்றி 8.4 மீட்டர் கண்ணாடி வார்க்கிறார்கள். சுழலும் வேகத்தில் குழி தானாக விழுகிறது. அதற்கும் ஆற மூன்று மாதம். அவசரப்பட்டால் வெடித்துவிடும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியோ, சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்ததால் தவறான வடிவத்துக்கே அழகாக மெருகேறி, 1990இல் வானுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் தினமும் சோதித்ததை நேர விரயம் என்ற செயற்குழு உறுப்பினர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மோசமில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கண்ணாடிக்கான செலவில் சங்கப் பணம் கொஞ்சம், என் பணம் கொஞ்சம். உறுப்பினர்கள் 43 பேர், சந்தா கட்டியவர்கள் 16 பேர். கொட்டகை தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், விடியுமுன் தேநீர் போட்டுக் கொடுத்த என் துணைவியாருக்கும் நன்றி.

கண்ணாடி இப்போது வழவழவென்று இருக்கிறது. ஆனால் வெறும் கண்ணாடி விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கைத்தான் திருப்பும். காற்று நீக்கிய கலத்துக்குள் வைத்து அலுமினியம் பூச வேண்டும். அதை நம்மால் இங்கே செய்ய முடியாது, வெளியே அனுப்பப் பணம் வேண்டும். எவ்வளவு என்று இப்போது சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் கொட்டகைச் சாவியை இன்றே தந்துவிடுகிறேன். விளக்குமாற்றை மட்டும் வெளியில் வைக்கவும்.

பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம். ரசீதுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறார்.

செயலாளர்